முப்பத்தேழு தடவை நின்ன பஸ்

குறை கண்டுபிடிக்கிறதுக்குத்தான் எனக்குச் சம்பளமே. நாச்சாரத்துல ஒரு மருந்துக் கம்பெனியில பேக்கிங் செக்கிங். பத்து மாத்திரை இருக்க வேண்டிய பட்டையில ஒம்பது இருந்தா எடுத்து ஓரமாப் போடணும். தேதி, நேரம், மெஷின் நம்பர் எல்லாம் நோட்டுல எழுதணும். இருபத்திரண்டு வருஷமா இதே வேலை. அந்தப் புத்தி கம்பெனி கேட்டோட நிக்குமா? தெருவிளக்கு எரியலைன்னா மனு, குழாயில கலங்கலா வந்தா மனு, பஸ் லேட்டா வந்தா மனு. மல்லாபூர்ல எங்க தெருவுல எனக்கு மனு ஷோபான்னு பேரு. முதுகுக்குப் பின்னாடிதான் சொல்வாங்க. நேர்ல சொன்னா அதுக்கும் ஒண்ணு எழுதிடுவேன்னு பயம்.

அப்படிப்பட்டவ வாழ்க்கையில முதல் தடவையா ஒரு நல்ல வார்த்தை எழுதினேன். அது ஒரு பொம்பளையோட வேலைக்கே வேட்டு வைக்கப் பார்த்துச்சு.

என் வீட்டுக்காரர் பூபாலனுக்குப் போன வருஷம் பக்கவாதம் வந்துச்சு. ரயில்வே வொர்க்ஷாப்புல இரும்பைத் தூக்கிப் போட்ட மனுஷன், இடது காலைத் தரையில இழுத்துக்கிட்டு நின்னாரு. வாரத்துல மூணு நாள் சர்க்கார் ஆஸ்பத்திரியில காலுக்குப் பயிற்சி. காலையில ஏழரை மணி பஸ்ல கூட்டிட்டுப் போய் விட்டுட்டு நான் வேலைக்கு ஓடணும். ஆஸ்பத்திரி வாசல்லயே இருந்த பஸ் ஸ்டாப்பை, மேம்பாலத்துக்குத் தூண் போடறேன்னு சிக்னலுக்கு அந்தப் பக்கம் தள்ளிட்டாங்க. அங்க இறங்கி அரை கிலோமீட்டர் திரும்பி நடக்கணும். முதல் நாள் நாங்க அதை நடக்க முப்பத்தஞ்சு நிமிஷம் ஆச்சு. பாதி வழியில அவரு ஒரு தூணைப் பிடிச்சுக்கிட்டு, "ஷோபா, இதுக்கு வீட்லயே கிடந்துடலாம்"னாரு.

அவரு காலை இழுத்துத் திரும்பி நடக்க ஆரம்பிச்சதை அந்த பஸ்ஸோட கண்டக்டர் பின் கண்ணாடி வழியா பார்த்திருக்கா. யாதம்மா. நாற்பத்தஞ்சு வயசு இருக்கும், குரல் ஆஸ்பத்திரி வரைக்கும் கேக்கும். ஆதார் அட்டையைக் காட்டலைன்னா பொம்பளைங்களுக்குத் தர்ற இலவச ஜீரோ டிக்கெட் கிடையாதுன்னு என்கிட்டயே சண்டை போட்டவ. மறுதடவை நாங்க போனப்ப, ஆஸ்பத்திரி வாசல் வந்ததும் யாரும் கேக்காம பெல் அடிச்சா. பஸ் நின்னுச்சு. "அண்ணா, மெல்ல இறங்கு, அவசரம் நக்கோ"ன்னா. நக்கோன்னா இந்த ஊர்ப் பேச்சுல வேண்டாம்னு அர்த்தம். அவ்வளவுதான். நன்றி சொல்ல வாயெடுத்தேன். "ரைட்"னு பெல் அடிச்சுட்டுப் போயிட்டா.

அன்னையிலிருந்து மூணு மாசம், ஒரு நாள் விடாம. இப்ப என் வீட்டுக்காரர் கைத்தடி இல்லாம கடைவீதிக்குப் போறாரு. டாக்டர் தன்னாலதான்னு நினைக்கிறாரு. நினைச்சுட்டுப் போகட்டும். எனக்குத் தெரியும், அந்த பெல் இல்லைன்னா அவரு முதல் வாரத்தோட நிறுத்தியிருப்பாரு.

இந்த நன்றியை எங்க போய்க் கொட்டறதுன்னு தெரியாம இருந்தேன். பஸ்ல புகார் நம்பர் எழுதியிருக்கும், பாராட்டு நம்பர் எங்கேயும் கிடையாது. அப்பதான் என் பொண்ணு தேஜஸ்வினி போன்ல ஒரு விளம்பரம் காட்டினா. அரசாங்கம் போட்டி வச்சிருக்கு. பொதுச் சேவைகளை இன்னும் நல்லா நடத்த மக்கள் யோசனை சொல்லணும், நல்ல யோசனைக்குப் பரிசு.

"அம்மா, உன் மாதிரி ஆளுக்குன்னே வச்சிருக்காங்க"ன்னா தெலுங்குல. இந்தத் தெலுங்கு ஊர்லயே பொறந்து வளர்ந்தவ, தமிழ்ல பேசறது சாப்பாடு கேக்கறதுக்கு மட்டும்தான்.

நான் தமிழ்ல சொல்லச் சொல்ல அவ தெலுங்குல டைப் பண்ணா. யோசனை ஒரே வரிதான்: நடக்க முடியாதவங்க இருந்தா ஆஸ்பத்திரி வாசல்ல பஸ்ஸை நிறுத்தற உரிமையைக் கண்டக்டருக்குக் கொடுங்க. ஆனா ஆதாரம் இல்லாம எழுதி எனக்குப் பழக்கமே இல்லையே. கம்பெனி நோட்டு மாதிரியே எல்லாம் என்கிட்ட இருந்துச்சு. முப்பத்தேழு தேதி, பஸ் நம்பர், வினாடி சுத்தமா நின்ன நேரம், கிளம்பின நேரம், கண்டக்டர் பேரு. இந்தம்மா செய்யறதை எல்லாரும் செஞ்சா போதும், இவங்களுக்கு நான் வாழ்நாள் முழுக்கக் கடமைப்பட்டிருக்கேன்னு முடிச்சேன். அனுப்பிட்டு அன்னைக்கு ரெண்டு இட்லி கூடவே சாப்பிட்டேன்.

மூணு வாரம் போச்சு. ஒரு புதன்கிழமை பஸ் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டிப் போகுது, பெல் அடிக்கல. "யாதம்மா, பெல்"னு கத்தினேன். அவ டிக்கெட் மெஷினை விட்டுத் தலை நிமிரல. சிக்னல் தாண்டி இறங்கி நடந்தோம். வீட்டுக்காரர் நல்லாவே நடந்தாரு. நான்தான் வழியெல்லாம் பொருமினேன். திமிர் வந்துடுச்சு பாரு, வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்கறேன், அப்புறம் இவ பேர்லயே ஒரு மனுன்னு மனசுல வாசகம் கூட எழுதிட்டேன். வெக்கத்தை விட்டுச் சொல்றேன், எழுதினேன்.

வெள்ளிக்கிழமை நான் ஏறினதும் அவ பையிலேர்ந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினா. டிப்போவோட மெமோ. அனுமதி இல்லாத இடத்துல முப்பத்தேழு முறை வண்டியை நிறுத்தினதுக்கு விளக்கம் கேட்டு, திங்கட்கிழமை பதினொரு மணிக்கு விசாரணைக்கு வரச் சொல்லி. பின்னாடி பின் அடிச்சு ரெண்டு பக்கம். என் கடிதம்.

"நான் பாராட்டித்தானே எழுதினேன்."

"தெரியும் அக்கா. படிச்சேன்"னா. கோபமா இருந்தா கூட தாங்கியிருப்பேன். "ஏற்கெனவே ஒரு மெமோ இருக்கு, டைம் லேட்டுன்னு. இது ரெண்டாவது. சஸ்பெண்ட் பண்ணாலும் பண்ணுவாங்க. வீட்ல சம்பாதிக்கறது நான் ஒருத்திதான்."

அந்த ரெண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கல. வீட்டுக்காரர் சொன்னாரு: "நாப்பத்தோரு மனு போட்டே, ஒரு பல்பு மாத்தல. ஒரே ஒரு தேங்க்ஸ் போட்டே, ஆபீசே எழுந்து உக்காந்துடுச்சு." சிரிக்கத்தான் சொன்னாரு. எனக்கு அழுகை வந்துச்சு.

திங்கட்கிழமை லீவு போட்டுட்டு அவரையும் கூட்டிக்கிட்டு டிப்போவுக்குப் போனேன். மேனேஜர் மேஜை மேல ஒரு தடி ஃபைல். என் பேருதான் அது மேல. எதிர்ல யாதம்மா காக்கிச் சட்டையை இழுத்து விட்டுக்கிட்டு நின்னா.

நான் விடல. "ஏன் சார், நன்றிக்கும் புகாருக்கும் வித்தியாசம் தெரியாதா உங்களுக்கு?"

அவரு கோபப்படல. "அம்மா, ஊழியர் பேரு போட்டு வர்றது எல்லாம் போட்டி ஆபீசுலேர்ந்து நேரா புகார்ப் பிரிவுக்கு வந்துடும். இதுவரைக்கும் நீங்க அனுப்பினது எல்லாம் புகார். ஒண்ணு கூடப் பொய் இல்ல, நாங்க விசாரிச்சிருக்கோம். அதனால இதையும் நம்பினோம். தேதி, நிமிஷம், வண்டி நம்பர்... எங்க இன்ஸ்பெக்டர் கூட இவ்வளவு சுத்தமா எழுத மாட்டார்."

 

மேனேஜர் ஒரு வெள்ளைக் காகிதத்தை நகர்த்தினாரு. "ஒரு வழி இருக்கு. ஞாபகப் பிசகா எழுதிட்டேன், பஸ் அங்க நிக்கலைன்னு எழுதிக் கொடுங்க. இத்தோட மூடிடறேன்."

நாப்பத்தோரு மனுவுல ஒரு நிமிஷத்தைக் கூடக் கூட்டிக் குறைச்சு எழுதாதவ நான். அன்னைக்கு யோசிக்கவே இல்ல. பேனாவை எடுத்துட்டேன். யாதம்மா வேலையை விட என் சத்தியம் பெருசா என்ன?

"நக்கோ அக்கா." யாதம்மா கை என் கை மேல இருந்துச்சு. "அதை எழுதாதே."

"உன் வேலை போயிடும் யாதம்மா."

"பதினேழு வருஷம் வேலை பார்த்துட்டேன். சில்லறை தரலைன்னு எழுதியிருக்காங்க, திட்டினேன்னு எழுதியிருக்காங்க. என் பேரைப் போட்டு நல்லதா வந்த காகிதம் இது ஒண்ணுதான். என் பசங்களுக்குப் படிச்சுக் காட்டினேன். அதைப் பொய்னு எழுதிடாதே அக்கா."

நான் பேனாவை மூடி வச்சேன். மூக்கு உறிஞ்சற சத்தம் என்னோடதுதான்.

அப்ப என் வீட்டுக்காரர் எழுந்து, நாற்காலியைப் பிடிக்காம, மேஜையைச் சுத்தி நடந்து மேனேஜர் பக்கத்துல போய் நின்னாரு. "முப்பத்தேழு தடவை நின்னதுக்கு இதுதான் சார் கணக்கு"ன்னு காலைக் காட்டினாரு. அவரு அதிகம் பேசற ஆளில்ல. அன்னைக்கு அது போதுமா இருந்துச்சு.

மேனேஜர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டு என் கடிதத்தை மறுபடி படிச்சாரு. இந்தத் தடவை நின்ன நேரத்தைக் கூட்டிப் பார்த்தாரு. ஒரு தடவைக்கு நாப்பது வினாடிக்கு மேல போகல. டிப்போ பதிவேட்டைப் புரட்டினாரு, அந்த முப்பத்தேழு நாள்ல ஒரு நாள் கூட வண்டி கடைசி ஸ்டாப்புக்கு லேட்டா சேரல. எதை வச்சு அவளை மாட்ட வச்சேனோ அதுவே இப்ப அவளுக்குச் சாட்சி.

"விதி விதிதான். எச்சரிக்கை கொடுக்காம இருக்க முடியாது. வேற ஒண்ணும் பண்ணல"ன்னாரு. ஆஸ்பத்திரி வாசல்ல, கேட்டா மட்டும் நிறுத்தற வேண்டுகோள் நிறுத்தம் வைக்கலாம்னு மேல எழுதறதா சொன்னாரு. எழுதினாரு. ஒண்ணரை மாசத்துல தகரப் பலகை வந்துடுச்சு. போட்டியில பரிசு யாரோ ஒரு காலேஜ் பையனுக்குப் போச்சு. எனக்கு வந்தது, பங்கேற்றதுக்கு நன்றின்னு மெஷின் அனுப்பின ஒரு மெயில். பாவம், அதுக்காவது நன்றி சொல்லத் தெரிஞ்சிருக்கு.

யாதம்மாவோட எச்சரிக்கைக் கடிதத்தை அவ சர்வீஸ் ஃபைல்ல சேர்த்துட்டாங்க. எனக்கு அது உறுத்திக்கிட்டே இருந்துச்சு. ஒரு நாள் பஸ்ல கேட்டேன். அவ சிரிச்சா. "அடியில பாத்தியா அக்கா? இணைப்பு, ரெண்டு பக்கம்னு போட்டிருக்கு. இணைப்பை ஃபைல்லேர்ந்து யாரும் எடுக்கக் கூடாது. நான் ரிட்டயர் ஆகிற வரைக்கும் உன் காகிதம் உள்ளதான் இருக்கும்."

அன்னைக்கே உக்காந்து டிப்போ மேனேஜருக்கு இன்னொரு கடிதம் எழுதினேன். யாதம்மா பேரு, பேட்ஜ் நம்பர், என் கையெழுத்து, வீட்டுக்காரர் கையெழுத்து. எதுக்கு வம்புன்னு மேல, பொருள்ங்கிற இடத்துல, சிவப்பு மையில அடிக்கோடு போட்டு எழுதினேன்: இது புகார் இல்லை.