பெண் பார்த்த படகு

பெண் பார்க்க வருகிறவர்களை வீட்டுக்கு அழைக்காமல் ஏரிக்கு அழைத்த பெருமை பவுல்ராஜையே சேரும். வீட்டுக்கு வந்தால் குட்டு உடைந்துவிடும். அது ஃபேக்டரி குவார்ட்டர்ஸ். ஜன்னலைத் திறந்தால் எதிரே ஃபேக்டரிக் கதவும், அதில் எட்டு மாதமாகத் தொங்கும் பூட்டும்தான் தெரியும். தேயிலை விலை விழுந்த வேகத்தில், பூட்டிவிட்டுக் கோயமுத்தூருக்கு இறங்கிய முதலாளி இன்னும் திரும்பவில்லை. மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பிய தாளிலோ, பெண்ணின் தகப்பனார் டீ மேக்கர், தூள் தயாரிப்புக்கே பொறுப்பாளர், என்றே இருந்தது.

"ரோட்டுல மண்ணு சரிஞ்சு கெடக்குதுங்க. நேரா பைக்காரா ஏரிக்கே வந்துருங்க, போட்ல போயிட்டே பேசிக்கலாம்" என்று போனில் அளந்துவிட்டார். புருஷன் சொன்ன பொய்க்கு அன்றிலிருந்து ரோஸ்மேரிக்குத்தான் தூக்கம் போனது.

ஐந்து பேருக்கும் தனியாக ஒரு மோட்டார் படகு. மாப்பிள்ளை பிராங்ளின் தூத்துக்குடியில் துறைமுகக் குமாஸ்தா; கூட வந்தது அவன் அம்மா தபித்தாள் மட்டும். பட்டுப் புடவைக்கு மேல் ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு மகள் கெஸியா உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்து ரோஸ்மேரிக்குச் சிரிப்பு வந்தது. அது பாதியிலேயே நின்றுவிட்டது. படகோட்டி திரும்பினான். வேலுமணி!

பன்னிரண்டு வருஷம் பவுல்ராஜுக்குக் கீழே அதே ஃபேக்டரியில் தூள் உலர்த்தியவன். பூட்டியதும் பெண்டாட்டி பிள்ளைகளோடு காந்தலில் மாமியார் வீட்டுக்குப் போனவனை அப்புறம் யாரும் பார்க்கவில்லை. வாயைத் திறக்கப் போனான். பவுல்ராஜின் வெள்ளைச் சட்டை, கெஸியாவின் பட்டு, எதிரே இரண்டு புது முகங்கள் எல்லாவற்றையும் பார்த்தான். திரும்பி இன்ஜினைக் கிளப்பினான்.

கரையோரமாகவே படகு போனது. தண்ணீர் வற்றிய இடமெல்லாம் செம்மண், அதற்கு மேல் புல்மலை, மடிப்பு மடிப்பாகச் சோலைக்காடு. ஒரு வளைவில் காட்டெருமைகள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. பிராங்ளின் அதைக் காட்ட, கெஸியா அவனைப் பார்த்தாள். பிள்ளைகளுக்குப் பிடித்துவிட்டது என்று தாய்க்குத் தெரிந்தது. பிடித்துவிட்டதே என்று பயம் இரட்டிப்பானது.

"எங்க கடலு மாதிரி அலை இல்ல, ஆனா நல்லாத்தான் இருக்கு" என்றாள் தபித்தாள். "அண்ணாச்சிக்கு லீவு கெடச்சுதாக்கும்?"

"ஒரு நாள் போட்டனுங்க. ஃபேக்டரில இலை குமிஞ்சு கெடக்குது" என்றார் பவுல்ராஜ், கூசாமல்.

வேலுமணியின் தலை சட்டென்று திரும்பியது. ரோஸ்மேரி முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஆண்டவரே, அவன் வாயைக் கட்டும்.

தபித்தாளுக்கோ யாரையும் விசாரிக்காமல் இருக்க முடியாது. "தம்பி ரொம்ப வருஷமா போட் ஓட்டுதியளா?"

"ரெண்டு மாசமாத்தானுங்க. சீசன் வரைக்கும் ஓட்டச் சொல்லியிருக்காங்க."

"முன்ன எங்க?"

"டீ ஃபேக்டரிலீங்க. பூட்டிட்டாங்க." எந்த ஃபேக்டரி என்று அவன் சொல்லவில்லை. கண்ணியமான மனுஷன். ரோஸ்மேரிக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

"அடப் பாவமே! அண்ணாச்சி, ஒங்க ஃபேக்டரிதான் ஓடுதே, இந்தத் தம்பிக்கு ஒரு வேலை போட்டுக் குடுக்கப்படாதா?"

நல்ல மனசோடுதான் கேட்டாள். பவுல்ராஜ் தண்ணீரைப் பார்த்தார், மலையைப் பார்த்தார். கடைசியில், "அடுத்த மாசம் வரட்டுங்க, சேத்துக்கலாம்" என்றார்.

அதற்கப்புறம் வேலுமணி படகை ஓட்டிய விதமே மாறிப்போனது. முதுகு நிமிர்ந்தது. கேட்காமலேயே தூரத்து மலைகளுக்குப் பேர் சொன்னான். வந்தவர்களுக்காக நடிக்கிறான் என்றே ரோஸ்மேரி நினைத்தாள். மனசுக்குள் அவனுக்கு நன்றிகூடச் சொன்னாள்.

கரை வந்தது. பவுல்ராஜும் பிள்ளைகளும் முதலில் இறங்கினார்கள். ரோஸ்மேரிக்குக் கைகொடுத்து இறக்கிய வேலுமணி கையை விடவில்லை.

"அக்கா, தொறந்துட்டாங்களா? எனக்கு ஆருமே சொல்லலீங்களே!" அவன் கண் கலங்கியிருந்தது. "சார் வாயால சொல்லிட்டாரு. இங்க போட் வேலைய விட்டு இன்னைக்கே சொல்லிட்டு நின்னுக்கறனுங்க. அடுத்த மாசம் வரைக்கும் எதுக்குங்க, நாளைக்கே குவார்ட்டர்ஸுக்கு வந்தர்றோம்."

அவன் நடிக்கவே இல்லை. நம்பிவிட்டான்.

படகுத்துறை மேடையில் நின்ற பவுல்ராஜ், சொல்ல வேண்டாம் என்று மனைவியைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பின்னால், படகில், தபித்தாள் இறங்கக் காத்திருந்தாள். பேசாமல் சிரித்துவிட்டுப் போனால் போதும், மகளுக்குக் கல்யாணம் முடிந்துவிடும். இவன் இருக்கிற வேலையையும் விட்டுவிட்டு, பெட்டி படுக்கையோடு அந்தப் பூட்டின் முன்னால் வந்து நிற்பான்.

"இல்ல வேலுமணி" என்றாள். குரலைத் தாழ்த்தவில்லை. "தொறக்கல. பூட்டு அப்படியேதான் கெடக்குது. இந்த வேலைய விட்டுராத."

"எந்தப் பூட்டு?" என்றாள் தபித்தாள்.

கெஸியா தலையைக் குனிந்துகொண்டாள்.

"எங்க ஃபேக்டரிதானுங்கம்மா. எட்டு மாசமாச்சு. இந்தத் தம்பியும் அங்க இருந்தவருதான்" என்றாள் ரோஸ்மேரி.

வேலுமணி அடுத்து இறங்குகிறவருக்குக் கையை நீட்டியபடி நின்றான். தபித்தாள் இன்னும் படகைவிட்டு இறங்கவில்லை.