அக்காவின் கைப்பையில் இருந்த பிரஷ்

கைக்குட்டை எடுக்க அக்கா பையைத் திறந்தபோது அந்தப் பல் பிரஷ்ஷைப் பார்த்தேன். குமட்டிக்கொண்டு வந்தது. பல் மருத்துவமனையில் உதவியாளராகப் பதினோரு வருடம் குப்பை கொட்டியவள் நான். சீழும் ரத்தமும் எனக்குப் புதிதில்லை. ஆனால் சீப்புக்கும் சில்லறைக்கும் நடுவே, ஈரம் காயாமல், பல் வெளுக்கத் தேய்க்கும் கரித்தூள் அப்பி, ஒரு தலைமுடியும் சுற்றிக்கொண்டு கிடந்ததே, அது வேறு ரகம். சீ!

அக்காவுக்குப் பழரசத் தொழிற்சாலையில் வேலை. ஒவ்வொரு கலவையையும் வாயில் விட்டுச் சுழற்றித் துப்பி, புளிப்பு சரியா என்று சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு முப்பது தடவை. மேற்பார்வையாளர் பதவிக்குப் பெயர் அடிபட்டதும், நாலு பேர் எதிரில் சிரிக்க வேண்டுமே என்று, போன மாதம் எங்களிடமே பல்லை வெளுக்க வைத்துக்கொண்டாள்.

இப்போது குளிர்ந்த தண்ணீர் பட்டாலே துள்ளுகிறாள். நேற்று மூன்று கலவைகளை வாயில் வைக்கவே முடியவில்லையாம். பதவி கிடக்கட்டும், இப்படியே போனால் இருக்கிற வேலைக்கே உலை.

எங்கள் மருத்துவமனை நாற்காலியில் படுக்க வைத்து விளக்கைத் திருப்பினேன். ஈறோரம் எனாமல் தேய்ந்து உள்ளிருக்கும் மஞ்சள் தெரிந்தது. இடுக்கெல்லாம் கரி.

“எத்தனை தடவைக்கா தேய்க்கிற?”

“ஒவ்வொரு தடவை துப்பினதும்.”

“முப்பது தடவையா? பைத்தியமா உனக்கு? புளிப்பு பட்டதும் எனாமல் இளகிக் கிடக்கும். அப்பப் போய்த் தேய்ச்சா அதுவும் சேர்ந்து வந்துடும். தண்ணியில கொப்பளிச்சுட்டு அரை மணி நேரம் சும்மா இருக்கணும். இதுகூடத் தெரியாதா?”

அக்கா எழுந்து உட்கார்ந்தாள்.

“நீதானடி சொன்ன? புளிப்பு பல்லுல தங்கக் கூடாது, உடனே சுத்தம் பண்ணிடுன்னு. கூட இருக்கிறவங்க கேலி பண்ணாங்க. அப்பவும் நான் ஒரு தடவைகூட விடல.”

சொன்னேன்தான். பல் வெளுத்த அன்று, கையுறையைக் கழற்றிக்கொண்டே, வாசலைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அந்த அரை மணி நேரக் கணக்கு ஒரு தாளில் அச்சடித்து என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் வரி வரியாகப் படித்துக் காட்டிக் கொடுக்கிறேன். அக்காதானே என்று அவளுக்குக் கொடுக்கவில்லை.

கழுவுதொட்டிக்கு மேலிருந்த கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. அந்தப் பிரஷ்கூட எனக்கு இவ்வளவு குமட்டவில்லை.

“தேய்ஞ்சது மறுபடி வளருமாடி?” என்றாள் அக்கா.

வளராது என்று தினம் பத்துப் பேரிடம் கண்ணைச் சிமிட்டாமல் சொல்கிறவள் நான். அன்றைக்கு அதைச் சொல்லாமல், இழுப்பறையைத் திறந்து அந்தத் தாளைத் தேடினேன்.