அந்தோனிமுத்துவின் பலா

அளவு நாடாவைத் தேடி அறைக்குள் ஓடிவந்த றில்வானின் சட்டையெல்லாம் மரத்தூள். அலுமாரியில் குனிந்தவனின் தோளைப் பிடித்து நிறுத்தினாள் நளீரா.

"மகன், என்ன மரம் அறுக்கிறீங்க?"

"வாப்பாட கப்றுக்குப் பலக உம்மா. பகல் ளுஹர் தொழுத கையோட அடக்கத்துக்கு எடுக்கணும். விடுங்க."

"பலகன்னு தெரியும். என்ன மரம்?"

"நல்ல மரம்தான்!" நாடாவோடு ஓடிவிட்டான்.

விடியற்காலை சுபஹுத் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளுச் செய்யப் போன அவள் கணவர் ஸலீம், குழாயடியில் உட்கார்ந்தவர்தான், எழும்பவில்லை. பதுளையில் முப்பது வருடம் மரம் அறுக்கும் மில்லோடு மரக்காலை வைத்திருந்தவர். ஊரில் யார் மௌத்தானாலும், மையித்தின் மேல் மண் விழாமல் கப்றுக்குள் அடுக்கும் பலகை அவருடைய மில்லிலிருந்து சும்மா போகும். பணக்காரனோ ஏழையோ, எல்லாருக்கும் பைனஸ்தான். "லேசான மரம். மண்ணோட சண்ட பிடிக்காது" என்பார்.

வீட்டுக்குப் பின்னால்தான் மில். நளீரா அதற்குள் கால் வைத்ததில்லை. ஆனாலும் அவருடைய சட்டையைத் துவைத்துத் துவைத்தே மரம் படித்தவள். பைனஸின் பிசின் வாசம் சோப்புக்கும் போகாது. மஹோகனி தண்ணீரைச் சிவப்பாக்கும். ஒவ்வொரு மாலையும் சட்டையை முகர்ந்து அன்றைக்கு அறுத்த மரத்தைச் சொல்வாள். ஒருநாளும் தவறியதில்லை.

மகனின் தோளைப் பிடித்த கையைப் பார்த்தாள். மஞ்சள் நிறத்தில் மரத்தூள். முகர்ந்தாள்.

பலா.

மில்லில் இருந்த பலா ஒன்றே ஒன்று. பசறைத் தேயிலைத் தோட்டத்து அந்தோனிமுத்துவின் சொந்த மரம். மகளுக்குக் கட்டும் வீட்டின் கதவுக்கென்று, தன் லய வீட்டுக்குப் பின்னால் நின்றதை வெட்டி, காயட்டும் என்று ஸலீமிடம் ஒப்படைத்து ஒன்றரை வருடம்.

"றுஸைனா, ஓடிப்போய் மில்ல நிப்பாட்டச் சொல்லு!"

"ராத்தா, அங்க முழுக்க ஆம்பளைங்க" என்றாள் தங்கை. "எந்த மரமா இருந்தா என்ன? மச்சானுக்கு நல்லதையே போடட்டும்."

"அடுத்த மனுசன் நம்பித் தந்த அமானிதத்தத் தலைக்கு மேல போட்டுக்கிட்டு அவர் எப்பிடிடீ படுப்பாரு?"

பின்பக்கம் வாள் மறுபடி ஓடத் தொடங்கியது. கடின மரத்தைக் கடிக்கிற முக்கல். மகனுக்கு ஃபோன் எடுத்தாள். அடித்துக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்?

நளீரா எழுந்து ஓடினாள். பின்நடையில் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். மில்லுக்கும் வீட்டுக்கும் மெயின் சுவிட்ச் ஒன்றுதான். இரண்டு கையாலும் கீழே இழுத்தாள்.

வாள் முனகி நின்றது. ஹாலில் மின்விசிறி நின்றது. மையித்தருகே யாஸீன் ஓதிக்கொண்டிருந்தவர்கள்கூட ஒரு மூச்சுக்கு நின்றார்கள்.

"யாரு சுவிட்ச..." என்று கத்திக்கொண்டு வந்த றில்வான், ஸ்டூலின் மேல் உம்மாவைக் கண்டு ஓடிப்போய் அதைப் பிடித்துக்கொண்டான்.

"அந்தோனிமுத்துட பலாவ எத்தன பலக அறுத்தீங்க?"

"அது அவர்டயா? வாப்பா சொல்லவே இல்லயே உம்மா. ஒன்னுதான் முடிஞ்ச. அளவுக்குக் கோடு போட்டீக்கிது, துண்டு போடல்ல."

"அத அப்பிடியே வைங்க. பைனஸ அறுங்க. கணு முடிச்சு இல்லாததாப் பாத்து எடுங்க, முடிச்சுலதான் ஒடியும்."

"வாப்பாவுக்குப் பைனஸா?"

"ஊருக்கெல்லாம் அதத்தானே குடுத்தாரு."

சுவிட்சை ஏற்றினாள். இந்த முறை வாள் வழுக்கிக்கொண்டு ஓடியது.

மௌத்துச் செய்தி கேட்டு, பதினொரு மணிக்குப் பசறை பஸ்ஸில் அந்தோனிமுத்து வந்து சேர்ந்தார். பெண்கள் பக்கம் கட்டியிருந்த திரைக்கு அந்தப் பக்கம் அவர் நிற்க, நளீரா நடந்ததை மறைக்காமல் சொன்னாள்.

"துண்டு போடலீங்களே?" என்று கேட்டார் அவர்.

"இல்ல."

"அப்ப ஒன்னும் கெட்டுப்போகலீங்கம்மா. ஜன்னலுக்கு ஆகும். போகையில எடுத்துக்கிறேன்."

"அந்த ஒன்ன மட்டுமாவது வாப்பாவுக்கு..." என்று றில்வான் இழுத்தான்.

"தம்பி, மொதலாளி இருந்தா என் பலகைய என் தோள்ல ஏத்திவிட்டுட்டுத்தான் மறுவேல பாப்பாரு."

நளீராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முக்காட்டை வாயில் அழுத்திக்கொண்டாள்.

அடக்கம் முடிந்து திரும்பிய அந்தோனிமுத்து, பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். வீடு அடங்கியது. றுஸைனா அழுக்குக் கூடையோடு வந்தாள்.

"மச்சான்ட நேத்தைய சட்ட ஒன்னு ஈக்கிது ராத்தா. ஊறப்போடவா?"

நளீரா அதை வாங்கி முகத்தில் வைத்தாள். வெகுநேரம் அப்படியே வைத்திருந்தாள்.

"என்ன மரம்?" என்று கேட்டாள் றுஸைனா.

"தெரியல்ல" என்றாள் நளீரா.

எழுந்து போய், சட்டையைத் துவைக்காமலே அவருடைய ஆணியில் மாட்டினாள்.