ஒரு கீறலும் இல்லாமல்

"அப்பா, அந்தக் குளிசையைக் கீழ வையுங்கோ. உங்களுக்கு வயித்தில ஒண்டுமில்லை. மனசுக்குள்ள என்ன கிடந்து அரிக்குதெண்டு வாயைத் திறந்து சொல்லுங்கோ. சொல்லாமல் இண்டைக்கு நான் விடமாட்டன்."

மரியகொறற்றி இதைக் கேட்டது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பூசை முடிந்து எல்லோரும் வந்து, கோழிக்கறி மேசைக்கு வந்த நேரத்தில். கொட்டாஞ்சேனையின் அந்த இரண்டறை வீட்டில் எதையும் கேட்கலாம். பக்கத்து வீட்டுக் கலியாணம் ஏன் குழம்பியது, பங்குச் சுவாமியார் ஏன் இடம் மாறிப் போனார், எல்லாம் கேட்கலாம். அப்பாவிடம் இதை மட்டும் கேட்கக்கூடாது. அம்மா அவளுக்கு அதைச் சொல்லிச் சொல்லியே வாய் ஓய்ந்திருந்தாள்.

அகப்பையைப் பிடித்தபடி அம்மா புளோறன்ஸ் அப்படியே நின்றாள். அம்மாவின் தமையன் ஹெக்டர் மாமா வாய்க்குக் கொண்டுபோன சோற்றைச் சாப்பாட்டுக் கோப்பையிலேயே போட்டார். அப்பா பீற்றர் மட்டும் அசையவில்லை. குளிசை உள்ளங்கையில் இருந்தது.

அவர் துறைமுகத்துக் கப்பல் கொம்பனியொன்றில் கிளார்க். அந்த வருடம், தொண்ணூற்றாறு தை முடிவில், கொழும்புக் கோட்டையில் குண்டு வெடித்த பிறகு பொலிசார் பஸ்களை மறித்து மறித்துத் தமிழர்களை இறக்கிய நாட்களில் அவரையும் இறக்கினார்கள். ஒரு மாதத்துக்கு மேல் உள்ளே. பிறகு ஒரு காலை, போனபோது போட்டிருந்த அதே சேட்டோடு வாசலில் வந்து நின்றார். ஹெக்டர் மாமா அந்தச் சேட்டைத் தூக்கி முதுகைப் பார்த்தார். ஒழுங்கைச் சனமே வந்து பார்த்தது. ஒரு கீறலும் இல்லை.

அம்மா அடுத்த செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியாரிடம் வெறுங்காலோடு போய்த் தன் உயரத்துக்கு மெழுகுதிரி கொளுத்தினாள். அதோடு விட்டிருக்கலாம். கத்தோலிக்கப் பத்திரிகையில் நன்றி விளம்பரமும் போட்டாள்: 'என் கணவரை ஒரு கீறலும் இல்லாமல் மீட்டுத் தந்த அற்புதர் அந்தோனியாருக்குக் கோடி நன்றிகள். கொட்டாஞ்சேனை, புளோறன்ஸ் பீற்றர்.' பங்கு முழுவதும் அதை வாசித்தது. அதற்குப் பிறகு அந்த மனிதனுக்கு நோய், வருத்தம் என்று ஏதும் வர எங்கே இடம்? வந்தால் அற்புதர் வேலையை அரைகுறையாகச் செய்தார் என்றாகிவிடும்.

வருத்தமோ வந்துவிட்டது. அப்பா வேலைக்குப் போவதை நிறுத்தினார். புழுங்கி வியர்த்தாலும் யன்னலைத் திறக்க விடமாட்டார். ஒழுங்கையில் ஜீப் வந்து நின்றால் அலுமாரிக்குப் பின்னால் போய்விடுவார். குளிக்கும்போதும் கதவைப் பூட்டமாட்டார். இதற்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. ஹெக்டர் மாமாதான் கண்டுபிடித்தார்: காஸ்ரிக், வயிற்றெரிவு.

நல்ல வருத்தம் அது. ஆம்பிளைக்கு வரலாம். சுவாமியாரிடமும் சொல்லலாம், சம்பந்தி வீட்டாரிடமும் சொல்லலாம். ஆளுக்காள் கஞ்சி கொண்டுவந்தார்கள். வெள்ளவத்தையில் ஒரு டொக்டர் மாதாமாதம் குளிசை எழுதித் தந்தார். "எப்பிடி பீற்றர்?" என்று யாரும் கேட்டால் அப்பா வயிற்றைத் தடவிக் காட்டப் பழகிக்கொண்டார். கேட்டவருக்கும் ஆறுதல், அவருக்கும் ஆறுதல்.

கொறற்றியும் அதை நம்புவதுபோல நடித்துக்கொண்டுதான் இருந்தாள், போன வியாழன் வரைக்கும். அன்று டொக்டரிடம் போன அப்பாவை, வெள்ளவத்தையில் துணிக்கடை வைத்திருக்கும் பக்கத்து வீட்டு ஸாலிஹ் நானா கூட்டிக்கொண்டு வந்தார். அப்பா உள்ளே போகும்வரை பொறுத்திருந்து, அவளை ஒழுங்கையோரம் கூப்பிட்டார்.

"மகள், வாப்பாவத் தனிய உடாதீங்க. ரெயில் றோட்டுக்கு நடுவுல நிண்டுட்டு ஈக்கிறாரு. கோச்சி வருது, ஹோர்ன் அடிக்குது, மனுசன் அசையல்ல. நான்தான் பாஞ்சி கையப் புடிச்சி இழுத்த."

அவள் அம்மாவிடம் சொன்னாள். அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, "கடற்காத்து வாங்கப் போயிருப்பார்" என்றாள்.

இப்போது ஹெக்டர் மாமாதான் முதலில் வாய் திறந்தார். "என்ன பிள்ளை கதை இது, சாப்பாட்டு மேசையில?"

"வேற எங்க மாமா கேக்கிறது? ரெயில் றோட்டிலயோ?"

"நீ கம்பசில ஜொகிரபிதானே படிச்சனி? மலையைப் பற்றிக் கதை, ஆத்தைப் பற்றிக் கதை. மனுசற்ற மனசைப் பற்றி உனக்கென்ன தெரியும்?"

"ஒண்டும் தெரியாது. அதாலதான் தெரிஞ்சவையிட்டக் கூட்டிக்கொண்டு போகப்போறன். ஆஸ்பத்திரியில அதுக்கெண்டே டொக்டர்மார் இருக்கினம்."

"அங்கொடைக்கோ?" அம்மாவின் குரல் கீச்சிட்டது. கொழும்பில் அங்கொடை என்றால் பைத்தியக்கார ஆஸ்பத்திரி. அந்த ஊரில் வேறு யாரும் குடியிருப்பதாக எவரும் நினைப்பதில்லை. "வாற ஞாயிறு வத்தளையாக்கள் உன்ர கலியாணத்துக்கு நாள் குறிக்க வருகினம். உன்ர மாமிக்காரி மெற்றில்டாவைத் தெரியுமோ? தகப்பனுக்கு மூளைப்பிழை எண்டு ஒரு சொல் காதில விழுந்தாக் காணும், மாப்பிள்ளையும் இல்லை, கனடாவும் இல்லை. தையில கலியாணம் முடியட்டும். பிறகு எங்க வேணுமெண்டாலும் கூட்டிக்கொண்டு போ."

"தை மட்டும் அப்பா இருக்கோணுமே."

மேலே காற்றாடி கடகடத்தது.

"எனக்கு ஒருத்தரும் அடிக்கேல்லை."

அப்பாவின் குரல்தான். மாதக்கணக்காக 'ஓம்', 'இல்லை', 'எரியுது' என்று மட்டும் கேட்ட குரல். மேசைவிரிப்பைப் பார்த்துக்கொண்டே கதைத்தார்.

"ஒருத்தரும் என்னில கை வைக்கேல்லை, பிள்ளை. பின்னேரமானா வந்து பேர் கூப்பிடுவாங்கள். என்னோட இருந்த பொடியனைக் கூப்பிட்டாங்கள். ஒரு வாத்தியார் இருந்தவர், அவரைக் கூப்பிட்டாங்கள். பக்கத்து அறையிலதான். எல்லாம் கேக்கும். நாளைக்கு நான்தான் எண்டு நினைச்சுக்கொண்டு படுப்பன். நாளைக்கும் நான் இல்லை. கடைசியில ஒரு நாள் தாங்கேலாமல் நானே கதவடிக்குப் போய், என்னைக் கொண்டுபோங்கோ எண்டு சிங்களத்தில கேட்டனான். சிரிச்சிட்டுப் போயிட்டாங்கள்."

குளிசையை மேசையில் வைத்தார்.

"அடி வாங்கினவங்கள் இன்னும் உள்ள இருக்கிறாங்கள். நான் முழுசா வந்திட்டன். இதை ஆரிட்டப் போய் என்னெண்டு சொல்லுறது? இப்பவும் பின்னேரமானா இந்தக் காது என்ர பேரைப் பாத்துக்கொண்டு கிடக்குது. ஆரும் கூப்பிட்டு முடிச்சா நிம்மதி மாதிரிக் கிடக்கு."

அம்மா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். ஹெக்டர் மாமா தொண்டையைச் செருமினார்.

"அதெல்லாம் முடிஞ்ச கதை, மச்சான். கர்த்தர் காப்பாத்தினவர். ஆம்பிளை மாதிரித் தைரியமா இரும். கோழியைச் சாப்பிடும், ஆறப்போகுது."

கொறற்றிக்கு அந்தக் கோழிக்கறியைத் தூக்கி மாமாவின் மடியில் கொட்டவேண்டும்போல் இருந்தது. கொட்டவில்லை. அப்பாவின் கதிரையடியில் குந்தியிருந்து அவருடைய கையைப் பிடித்தாள். நல்ல வெக்கையிலும் கை சில்லென்றிருந்தது.

"அப்பா, இப்ப எங்களுக்குச் சொன்னதை ஒரு டொக்டருக்குச் சொல்லுவம். அடி விழாதவைக்கும் வருத்தம் வரும். நான் பக்கத்திலயே இருப்பன்."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு அம்மாவை, பிறகு மாமாவை. கடைசியில் சுவரில் கறுப்புக் கவுணோடு சிரித்துக்கொண்டிருந்த மகளின் பட்டமளிப்புப் படத்தை. அந்தக் குடும்பத்திலேயே முதல் பட்டம் அது. அவருக்கு ஏதோ கணக்குச் சரிவந்ததுபோல் முகம் மாறியது.

"உன்ர கலியாணம் முடியட்டும், பிள்ளை. பிறகு வாறன். கட்டாயம் வாறன்." கை தானாக வயிற்றுக்குப் போனது. "புளோறன்ஸ், எரியுது. அந்தக் குளிசையைத் தா."

அம்மாவின் முகத்தில் எவ்வளவு நிம்மதி! ஓடிவந்து குளிசையை எடுத்துக் கொடுத்தாள். மாமா தண்ணீர்க் கிளாசை நகர்த்திவிட்டார். ஒரு நிமிடத்துக்குள் எல்லோரும் தங்கள் தங்கள் இடத்துக்குத் திரும்பிவிட்டார்கள். அம்மா பொல்லாதவள் இல்லை, மாமாவும் பொல்லாதவர் இல்லை. அதுதான் கொறற்றிக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. மனுசனை இருக்கவைத்து, அன்பாகக் கஞ்சி ஊற்றி ஊற்றியே கொன்றுவிடுவார்கள். அதற்கு அவளுடைய கலியாணத்தைக் காரணமாக வைத்திருப்பார்கள். தை மாதம் வரும்வரை இந்த வீட்டில் ஒருவரும் மூச்சு விடமாட்டார்கள்.

அவள் எழும்பிப் போய் முகத்தைக் கழுவினாள். அடையாள அட்டையைக் கைப்பைக்குள் போட்டாள்.

"எங்க வெளிக்கிடுறாய்?" என்றாள் அம்மா.

"வத்தளைக்கு."

"என்னத்துக்கு?"

"மெற்றில்டா அன்ரியிட்டச் சொல்ல. என்ர அப்பாவுக்குக் காஸ்ரிக் இல்லை, மனசிலதான் வருத்தம், அதுக்கு மருந்தெடுக்கப் போறம் எண்டு. உள்ள நடந்தது அப்பான்ர கதை, அதைச் சொல்லமாட்டன். வருத்தத்தைச் சொல்லுவன். கேட்டிட்டு மகனைத் தாறதெண்டாத் தரட்டும்."

"விசரி! தரமாட்டன் எண்டா?"

"தராட்டித் தையில கலியாணம் இல்லை. அப்பாவும் ஒண்டுக்கும் காத்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. நாளைக்கே போகலாம்."

"டிகிரி எடுத்த திமிர்" என்றார் மாமா. "தகப்பனை நடுத்தெருவில நிப்பாட்டப் போறாள்."

"அவர் ஏற்கெனவே ரெயில் றோட்டில நிண்டிட்டார், மாமா."

அம்மா ஓடிப்போய்க் கதவுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றாள். அழவில்லை, அழக்கூட நேரமில்லாத பயம். "என்ர பிள்ளையெல்லே, சனம் காறித் துப்பும். நான் பேப்பரில போட்டனான், கொறற்றி."

"வேண்டாம், பிள்ளை," என்றார் அப்பா கதிரையிலிருந்து. கோபமில்லாத குரல். அந்தக் கெஞ்சலில்தான் கொறற்றி ஒரு கணம் கைப்பையைக் கீழே வைக்கப் பார்த்தாள். அவர் வேண்டாம் என்பதைத்தான் செய்யப் போகிறாள். அது அவளுக்குத் தெரியும். நாளைக்கு அவர் தன் முகத்தில் முழிக்காமலே விடலாம் என்பதும் தெரியும். உயிரோடு இருந்து முழிக்காமல் விடட்டும்.

"மாமா, நான் வாறமட்டும் அப்பாவைத் தனிய வெளியில விட்டீங்களெண்டால், பிறகு என்னோட கதைக்காதேங்கோ."

அம்மாவின் கையை மெல்லப் பிடித்து இறக்கினாள். அது இவ்வளவு சுலபமாக இறங்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு ஒழுங்கையில் இறங்கினாள். மத்தியான வெய்யில் சுட்டது. மெற்றில்டா அன்ரி கதவைத் திறந்ததும், இருக்கச் சொல்ல முதலே, என்ன சொல்வது என்பதை பஸ் ஏறும் சந்தி வருவதற்குள் அவள் தீர்மானித்துவிட்டிருந்தாள்.