சிவப்பு டேப்

அடையாள அட்டையான ஐசியைத் தேடித்தான் செரீனா அப்பாவின் பிளாஸ்டிக் பையைக் கட்டிலில் கொட்டினாள். அது இல்லாமல் போலீஸ் ஸ்டேஷனில் அடக்கத்துக்கு பெர்மிட் கிடைக்காது. மாத்திரை அட்டைகள், பழைய சம்பளச் சீட்டு, நாலாய் மடித்த ஆஸ்பத்திரித் தாள். பிரித்தாள். ஆக்சிஜன் இரண்டு லிட்டருக்கு மேல் வைக்கக்கூடாது, உடம்பில் கரியமிலவாயு தேங்கும் என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருந்தது.

கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

நேற்று மத்தியானம் அப்பாவுக்கு ரொம்ப மூச்சு வாங்கியது. ஜப்பானிலிருந்து வந்து மூன்று நாள்கூட ஆகாத செரீனாதான் ஓடிப்போய் ஆக்சிஜன் மெஷினைத் திருகினாள். அளவு காட்டும் குழாய்க்குள் சின்ன உருண்டை இரண்டிலிருந்து ஐந்துக்கு ஏறியது. இரண்டுக்குப் பக்கத்தில் சிவப்பு டேப் ஒட்டியிருந்தது. ஏனென்று யாரையும் கேட்கவில்லை. "தல வலிக்குதும்மா," என்றார் அப்பா. முகம் சிவந்து, கை வெதுவெதுப்பாகி, தூங்கிப்போனார். ஐந்து மணிக்கு எழுப்பினார்கள். எழவில்லை.

ஆண்டவரே, அவளுக்கா தெரியாது! செவ்வாய்க்குப் போகிற விண்கலத்தில் ஆட்கள் விடும் மூச்சிலிருந்து கரியமிலவாயுவைப் பிரித்தெடுப்பதுதான் எட்டு வருஷமாக அவள் வேலை. தலைவலி, முகச் சிவப்பு, தூக்கம் என்று எச்சரிக்கைப் பட்டியலை எழுதியதே அவள்தான். ஆக்சிஜன் நிறைய இருந்தாலும் வெளியே போகவேண்டியது போகாவிட்டால் ஆள் காலி என்று வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் வாய் ஓயாமல் சொல்வாள். பெற்ற அப்பாவிடம் புத்தி எங்கே போய்த் தொலைந்தது?

தாளோடு எழுந்து ஹாலுக்கு வந்தாள். சவப்பெட்டி அருகே அம்மா லில்லியன் பக்கத்து வீட்டு புஷ்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஆறு மாசமா சரியா தூங்காத மனுஷன் லா. எம்மவ வந்து மெஷின கூட்டி வச்சா, பச்சப்புள்ள மாதிரி தூங்கிட்டே போயிட்டாரு. அது ஒண்ணுதான் எனக்கு ஆறுதல்."

செரீனா தாளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

புஷ்பா தயங்கினாள். அவள் புருஷன் அப்பளசாமியும் செரீனாவின் அப்பா எர்னஸ்ட்டோடு செம்பனை எண்ணெய் மில் பாய்லரில் புகை தின்றவர். இருமல் இங்கேவரை கேட்டது.

"தப்பா நெனைக்காதீங்கக்கா. அவருக்கும் இந்த மெஷினுதான் எழுதிக் குடுத்திருக்காங்க. இன்னும் கெடைக்கல..."

"எடுத்துட்டுப் போ. அஞ்சுல வை. நல்லா தூங்குவாரு."

புஷ்பா மெஷினை வாசல்வரை உருட்டினாள். செரீனா தாளோடு குறுக்கே போய் நின்றாள்.

"டாக்டர் எவ்ளோ எழுதியிருக்காரு, ஆன்ட்டி?"

"ரெண்டு."

"ரெண்டுதான். மூச்சு வாங்குனாலும் நீங்களா ஏத்தாதீங்க, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க."

"அஞ்சுல வச்சா தூக்கம் வரும்னு அக்கா..."

"அது தூக்கமில்ல, ஆன்ட்டி."

அம்மா மகளின் முகத்தைப் பார்த்தார். பிறகு அவள் கையிலிருந்த தாளை.

மெல்ல எழுந்து வந்தார். மெஷின் முன் குனிந்து, ஓரம் கிளம்பியிருந்த சிவப்பு டேப்பைக் கட்டைவிரலால் அழுத்தி, நன்றாகத் தேய்த்து ஒட்டினார்.