தனம் சொன்ன எண்

ஜெயராமனுக்குக் கோல்ஃப் ஆடத் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. பதினெட்டு வருடமாக ஞாயிறு தவறாமல் ஆடுகிற மனிதர். அவருக்குத் தெரியாதது தோற்க மட்டும்தான். தோற்ற ஒவ்வொரு முறையும் குற்றவாளியாக வேறு யாராவது இருப்பார்கள். நாலாவது குழிக்குப் போகும் வழியில் முந்திரிக் கிளை நீட்டிக்கொண்டிருக்கும். ஆறாவதில் மாடு படுத்திருக்கும். அனல்மின் நிலையத்துச் சாம்பல் சரியாக அவர் மட்டையை ஓங்கும்போது கண்ணில் விழும். கிளப்பில் கொடுத்த டீ ஆறிப்போயிருக்கும். ஒரு மத்தியானம் இதையெல்லாம் கேட்டு முடித்த அவர் மனைவி சுப்புலட்சுமி, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றினாள். அன்றிலிருந்து அவர் தோல்விக் கதைகளை வீட்டில் சொல்வதில்லை. கிளப்பின் குறைப் பதிவேட்டில் எழுதினார்.

கிளப் வாசலில் ஒரு தேக்குப் பலகை உண்டு. வருடா வருடம் கோப்பை வாங்கியவர் பெயரை அதில் வெள்ளைப் பெயிண்டால் எழுதுவார்கள். அதில் தெய்வசிகாமணியின் பெயர் ஆறு இடத்தில் இருந்தது. ஜெயராமனின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. ஆகஸ்ட் கடைசியில் அவருக்கு ரிடையர்மென்ட். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு விருதுநகர் போய்விடுவார். இந்த வருடம் பெயர் ஏறாவிட்டால் இனி எந்த வருடமும் ஏறாது.

தெய்வசிகாமணி ஒரு வருடம் முன்னால் ஓய்வுபெற்றவர். முத்தாண்டிக்குப்பத்தில் வீடு கட்டிக்கொண்டு, ஆட வேண்டிய நாளில் ஆட்டோவில் வந்து இறங்குவார். இருவரும் ஒரே நாளில் சுரங்கத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஆனால் ப்ரமோஷன் அவருக்கு முதலில் வந்தது. வாசலில் பலாமரம் இருந்த குவார்ட்டர்ஸ் அவருக்குத்தான் கிடைத்தது. இதையெல்லாம்கூட ஜெயராமன் மன்னித்திருப்பார். தனம் விஷயத்தைத்தான் அவரால் மன்னிக்க முடியவில்லை.

அதற்கு முன் 'பிரவுன்' என்றால் என்ன என்று சொல்லிவிட வேண்டும். நல்ல மைதானங்களில் குழியைச் சுற்றி வழவழவென்று புல் இருக்கும். இங்கே மூன்று முறை புல் வைத்தார்கள். மூன்று முறையும் டவுன்ஷிப் மாடுகள் தின்றன. நாலாவது முறை கமிட்டி மாடுகளிடம் தோல்வியை ஒப்புக்கொண்டு, மணலில் எண்ணெய் கலந்து கொட்டிவிட்டது. அந்தப் பழுப்பு வட்டம்தான் பிரவுன். ஆடுகிறவர் பந்து அதில் ஏறியதும், ஒருவர் ஈரச் சாக்கை இழுத்துக்கொண்டு போய்ப் பந்துக்கும் குழிக்கும் நடுவே வழியைச் சமன் செய்து கொடுக்க வேண்டும். அந்த ஒருவர் தனம். நாற்பது வயது, கான்ட்ராக்ட் ஆள்.

எல்லாருக்கும் சாக்கை இழுத்துவிட்டுப் பேசாமல் ஒதுங்கிக்கொள்வாள். தெய்வசிகாமணிக்கு மட்டும் இழுத்து முடித்ததும் அவர் பக்கமாகக் குனிந்து மெல்ல ஓர் எண்ணைச் சொல்வாள். "மூணுங்க." சில நாள் "ரெண்டுங்க." ஒரு தடவை "அஞ்சுங்க." அவர் தலையாட்டிவிட்டுத் தட்டுவார். பந்து உருண்டு போய் விழும்.

ஜெயராமனுக்கு வயிறு எரிந்தது. இது என்ன ரகசியம்? தினமும் அந்த மணலைக் கூட்டிப் பெருக்குகிறவளுக்கு எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று தெரியாதா? மூணு என்றால் குழிக்கு மூன்று விரல் தள்ளி அடி என்று அர்த்தம். ஒருநாள் அவள் "மூணுங்க" என்றதை ஒட்டுக்கேட்டு, தன் முறை வந்தபோது அவரும் மூன்று விரல் வலப்பக்கம் தள்ளி அடித்தார். பந்து உள்ளே போய்விட்டது! அதற்குப் பிறகு ஒன்பது தடவை அதேபோல் செய்து ஒன்பதும் தவறியதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. சந்தேகக்காரனுக்கு ஒரு சாட்சி போதும்.

இறுதி ஆட்டத்துக்கு இரண்டு வாரம் முன்பு பதிவேட்டில் முழுப் பக்கம் எழுதினார். 'தொழிலாளி தனம் குறிப்பிட்ட ஓர் உறுப்பினருக்கு மட்டும் எண் சொல்லித் தனிச் சேவை செய்கிறார். ஒருவருக்குச் செய்யும் சேவையை எல்லா உறுப்பினருக்கும் ஒரே மாதிரி செய்ய உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.'

கிளப் செயலாளர் தமிழ்மாறன் சண்டை சச்சரவு என்றால் ஏழு தெரு தள்ளிப் போகிறவர். தெய்வசிகாமணியிடம் கேட்டால் ஒரு வருத்தம், கேட்காவிட்டால் பதிவேட்டில் ஜெயராமன் எழுதப்போகும் இன்னொரு பக்கம். யாரையும் எதுவும் கேட்காமல் தனத்தைக் கூப்பிட்டு, இறுதி ஆட்டம் முடியும்வரை வேலியோரம் கருவேல முள் வெட்டச் சொன்னார். அதன்பிறகு பிரவுனுக்குத் திரும்பும்போது எல்லாருக்கும் ஒரே மாதிரி சேவை என்றும் சொல்லிவைத்தார்.

"நான் என்னாங்க தப்பு பண்ணிட்டன்? அவரு கேட்டாரு, சொல்லிகினு இருந்தன்" என்றாள் தனம்.

"அதேதான்மா. எல்லாருக்கும் சொல்லிடு, பிரச்சினை முடிஞ்சுது."

இறுதி ஆட்டத்தன்று சாக்கு இழுக்கத் தோட்டத்து அய்யாசாமி வந்தார். ஒன்பது குழி, யார் அதிகக் குழிகளைக் குறைந்த அடியில் முடிக்கிறாரோ அவருக்குக் கோப்பை. தமிழ்மாறன் நடுவராகப் பின்னாலேயே நடந்தார். ஆறு குழி முடிந்தபோது சமநிலை. தனம் இல்லாமலும் தெய்வசிகாமணியின் பந்து ஒழுங்காகவே விழுந்துகொண்டிருந்தது. ஜெயராமனுக்கு அது புரியவில்லை, பிடிக்கவும் இல்லை.

ஏழாவது பிரவுனில் தெய்வசிகாமணி மட்டையை ஊன்றிக்கொண்டு வேலிப் பக்கம் பார்த்தபடி நின்றார். தூரத்தில் தனம் முள் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"ஜெயராமன், உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன. ஒரு வருஷமா எனக்கு எண்ணிக்கை மனசுல நிக்க மாட்டேங்குது. எத்தனை அடி அடிச்சேன்னு பாதியில மறந்துடறேன். தனம்தான் எண்ணிச் சொல்லும். வெளிய தெரிஞ்சா சங்கடம்னு மெதுவாச் சொல்லும். இன்னைக்கு ஏன் அந்தப் பக்கம் போயிருச்சு?"

ஜெயராமனுக்கு அப்போதுதான் புரிந்தது. விரலும் இல்லை, மேடுபள்ளமும் இல்லை. அடித்த அடிகளின் எண்ணிக்கை! 'நான்தான் சார் எழுதிப்போட்டேன்' என்று சொல்ல வாய்வரை வந்தது. அதற்குள் தெய்வசிகாமணி குனிந்து தட்டினார். பந்து பத்தடி உருண்டு குழியில் விழுந்தது. மறதிக்காரனுக்கும் இப்படி விழுமா? வந்த சொல்லை ஜெயராமன் விழுங்கிக்கொண்டார். எட்டாவதை அவர் வென்றார். மறுபடி சமநிலை.

ஒன்பதாவதில் தெய்வசிகாமணியின் பந்து முந்திரித் தோப்புக்குள் போனது. வெளியே எடுக்க இரண்டு அடி. ஐந்து அடியில் பிரவுனுக்கு வந்து, குழிக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. ஜெயராமனும் ஐந்து அடியில்தான் வந்தார். ஆனால் அவர் பந்து இரண்டு ஆள் நீளத்துக்கு அப்பால் கிடந்தது. அய்யாசாமி சாக்கை இழுத்துவிட்டு ஒதுங்கினார். ஜெயராமன் பந்தைப் பார்த்தார், குழியைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். இது விழாது என்று அவருக்கே தெரிந்தது. பலகையில் ஏழாவது முறையாகத் தெய்வசிகாமணியின் பெயரை எழுதுவார்கள்.

கோல்ஃபில் ஒரு விதி உண்டு. எதிராளி கேட்டால், அதுவரை அடித்த அடிகளைச் சரியாகச் சொல்ல வேண்டும். தவறாகச் சொல்லி, எதிராளி தன் அடுத்த அடியை அடித்துவிட்டால், அந்தக் குழி எதிராளிக்கு. பதினெட்டு வருடத்தில் அந்த மைதானத்தில் யாரும் யாரிடமும் அப்படிக் கேட்டதில்லை.

"சார், நீங்க எத்தனை?" என்றார் ஜெயராமன்.

தெய்வசிகாமணி விரலை மடக்கினார். மறுபடி நீட்டினார். வேலியோரம் பார்த்தார். அங்கே தனம் அரிவாளைக் கீழே போட்டுவிட்டு இவர்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். இருநூறு அடி தூரம். அவள் ஐந்து விரலையும் விரித்துக் கையைத் தூக்கிக் காட்டினாள். அவரோ அதை வணக்கம் என்று நினைத்துச் சிரித்துத் தலையாட்டினார்.

"நாலு," என்றார். "நாலுதான்."

ஜெயராமன் ஒரு கணமும் தாமதிக்காமல் அடித்தார். பந்து குழியைத் தாண்டி ஓடியது. அது எங்கே போனால் அவருக்கு என்ன? நிமிர்ந்து தமிழ்மாறனைப் பார்த்தார்.

"சார் அஞ்சு அடிச்சிருக்கார். நாலுன்னு சொன்னார். விதிப்படி இந்தக் குழி எனக்கு."

தமிழ்மாறன் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். தெய்வசிகாமணியிடம் திரும்பி, "எண்ணிப் பார்ப்போமா சார்?" என்று கேட்டார்.

"எதுக்கு? ஜெயராமன் சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றார் அவர். வந்து கையைக் குலுக்கினார். அந்தக் கை வெதுவெதுப்பாக இருந்தது. ஜெயராமன் சீக்கிரமே தன் கையை விடுவித்துக்கொண்டார்.

புதன்கிழமை பலகையில் பெயர் ஏறியது. சுப்புலட்சுமி பார்க்க வந்தாள். "எழுத்து நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் சிரிச்சா என்னங்க?" என்றாள்.

மறு ஞாயிறு மைதானத்துக்கு நல்ல கூட்டம். தெய்வசிகாமணி ஆட வரவில்லை. மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். டீயில் ஆவி பறந்தது. ஜெயராமனுக்குக் கொடுத்த டீ வழக்கம்போல ஆறியிருந்தது. ஆனாலும் சாம்பியனாக முதல் ஆட்டம், தனமும் பிரவுனுக்குத் திரும்பியிருந்தாள். அவள் குனிந்து தன் காதருகே ஓர் எண்ணைச் சொன்னால் எப்படியிருக்கும் என்று, எல்லாம் நடந்த பிறகும், ஓர் ஆசை அவருக்கு இருந்தது.

முதல் குழியிலேயே பந்து இரண்டு தடவை முந்திரிக்குள் போனது. மரத்தின் பின்னால் யாரும் பார்க்காமல் அடித்த இரண்டு அடியைத் தள்ளிவிட்டு, ஐந்து என்று மனதுக்குள் கணக்கை முடித்துக்கொண்டு பிரவுனுக்கு வந்தார்.

தனம் சாக்கை இழுத்தாள். பந்திலிருந்து குழிவரை, ஒரு குறையும் சொல்ல முடியாத நேர்கோடு. இழுத்து முடித்துச் சாக்கை மடித்துக்கொண்டு வட்டத்துக்கு வெளியே போய் நின்றாள். அவர் பக்கம் அவள் குனியவில்லை.

"ஏழுங்க சார்!" என்றாள். பெஞ்சுவரை கேட்டது.

ஆடிக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். தமிழ்மாறன் காலடியில் எதையோ தேடினார்.

"எல்லாருக்கும் ஒரே மாதிரி சொல்லணும்னு எழுதிக் குடுத்தீங்களாமே. இனிமே விடாம எண்ணிச் சொல்றங்க," என்றாள் தனம்.

பெஞ்சில் தெய்வசிகாமணி டீயைக் கீழே வைத்துவிட்டுச் சந்தோஷமாகக் கையசைத்தார்.

"பாத்தீங்களா ஜெயராமன்? தனம் எண்ணினா தப்பவே தப்பாது!"