துருக்கறைக்குப் பிடித்த முன்பணம்

எங்கள் குடும்பத்தில் யாரும் குடியிருந்த வீட்டை அழுக்காக விட்டுப் போனதில்லை. என் அப்பா ஏழு வாடகை வீடுகள் மாறியவர். ஏழிலும் கடைசி நாள் தானே துடைப்பம் பிடித்துக் கூட்டிவிட்டுத்தான் படியிறங்கினார். இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. வீட்டு ஏஜென்ட் தான் எழுதிய தாளிலிருந்து என் முகத்துக்கு நேரே படித்த ஒரு வரிக்காகச் சொல்கிறேன்: "வீடு அசுத்தமாக ஒப்படைக்கப்பட்டது."

நான்கு வருஷம் இருந்த வீடு. மருமகளும் நானும் மூன்று நாள் தேய்த்தோம். ஜன்னல் கம்பிகளின் இடுக்கில் பழைய பல் பிரஷை விட்டுக் குடைந்தோம். மின்விசிறி இறக்கை, அலமாரிக் கதவின் மேல்விளிம்பு என்று யாரும் பார்க்காத இடத்தைக்கூட விடவில்லை. மகன் சாமான் லாரியோடு புது வீட்டு வாசலில் நிற்கிறான். இங்கே முன்பணம் முழுதாகக் கைக்கு வந்தால்தான் அங்கே சாவி.

ஏஜென்ட் குளியலறையில், ஹீட்டருக்குக் கீழே தரையிலிருந்த துருக்கறையைக் காட்டினார். காலால் காட்டினார். செருப்புக் காலால்!

"இதப் பாருங்க பெரியவரே. சுத்தம் பண்ண ஆள் வரச் சொல்லியிருக்கேன். முன்பணத்துல கால்வாசி பிடிச்சுக்குவேன்."

"நாங்க வரும்போதே இருந்த கறைங்க அது."

"அப்படியா?" கோப்பிலிருந்து ஒரு தாளை உருவினார். "குடி வந்த அன்னைக்கு நீங்க எழுதிக் குடுத்தது. 'குறை ஒன்றும் இல்லை.' உங்க கையெழுத்துதானே?"

என் கையெழுத்துதான். அன்று மருமகள் பேனாவும் கையுமாக நின்று, "மாமா, கறை, சாத்தாத கதவு எல்லாத்தையும் எழுதிடலாம்" என்றாள். வீடு கொடுப்பவரிடம் முதல் நாளே குறைப்பட்டியல் நீட்டுவது நம் குடும்பத்துக்கு அழகா என்று அதட்டிவிட்டு நானே அந்த வரியை எழுதினேன். மரியாதை கொடுத்தவன் தலையிலேயே மிளகாய் அரைக்கிறார்கள்!

மருமகள் "அப்பவே சொன்னேனே" என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. ஏஜென்டைப் பார்த்து, "சார், இந்தக் கறையைத் தவிர ஒரு கடுகளவு தூசி காட்டுங்க. அதுக்கும் சேத்துப் பிடிச்சுக்கோங்க" என்றாள்.

"நான் என்னம்மா பண்றது? விதின்னு ஒண்ணு இருக்கில்ல."

"அது எங்களுக்கு மட்டுந்தான் போல."

அப்போது துப்புரவு செய்யும் அம்மாள் வாளியும் பிரஷுமாக உள்ளே வந்தார். சுற்றிப் பார்த்துவிட்டு, "கழுவி விட்ட மாதிரி இருக்கு. இதுல எதத் தொடைக்க?" என்றார். ஏஜென்ட் குளியலறையைக் காட்டினார்.

எட்டிப் பார்த்த அம்மாள் சிரித்துவிட்டார். "இதுவா! மறந்துட்டீங்களா சார்? இவங்க குடி வர்றதுக்கு முந்தின வாரம் நீங்கதானே ஆசிட் ஊத்தித் தேய்க்கச் சொன்னீங்க? என் கையில தோல் உரிஞ்சதுதான் மிச்சம். கறை அசையல."

"உன்ன யாரு கேட்டா?"

"எதத் தொடைக்கணும்னு நாந்தான் கேட்டேன். நீங்கதான் காட்டினீங்க."

ஏஜென்டின் குரல் இறங்கியது. "சரி விடுங்க பெரியவரே. முழுசாவே தந்துடறேன்."

"பணம் இருக்கட்டும். மொதல்ல அந்த வரிய அடிங்க."

லேசாக ஒரு கோடு இழுத்தார். 'அசுத்தமாக' என்பதை இன்னும் படிக்க முடிந்தது. மறுபடி அடிக்கச் சொன்னேன். ஓர் எழுத்தும் தெரியாதபடி அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பணத்தைத் தொட்டேன்.

அந்தக் கோபத்தை அவர் அம்மாளின் மேல் இறக்கினார். "இன்னைக்கு உனக்கு வேலை இல்ல. இனிமேயும் வர வேணாம்."

நான் சட்டைப் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து அம்மாளிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "உங்ககிட்ட நான் என்ன வேலை செஞ்சேன், வாங்கறதுக்கு? கூப்பிட்டவர் குடுக்கட்டும்."

எனக்குச் சுருக்கென்றது. நோட்டை மடித்து உள்ளே வைத்தேன்.

"சாவி?" ஏஜென்ட் கை நீட்டினார்.

நான் காலி ஹாலின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். "அவங்களுக்கு ஒரு நாள் கூலி குடுங்க. அப்புறம் சாவி."

"மாமா, உங்க பிள்ளை மூணு தடவை போன் பண்ணிட்டார். லாரிக்காரர் கத்தறாராம்."

"கத்தட்டும்."

மருமகள் என்னைப் பார்த்தாள், ஏஜென்டைப் பார்த்தாள். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அந்த அம்மாளுக்கும் இடம் காட்டினாள்.

"உக்காருங்கக்கா. தரை சுத்தமாத்தான் இருக்கு."

ஏஜென்ட் பர்ஸைத் திறக்கக் கால் மணி நேரம் ஆனது. அதுவரை நாங்கள் மூவரும் எழுந்திருக்கவில்லை.